யாருக்கும் ஆட்சேபணை இல்லை

ஆல்டர் பெண்ட்
ஜூன் 8, 2023

அன்புள்ள ஓதி,

நலமா? உன் அம்மாவின் தோள்வலி எப்படி இருக்கிறது? செர்ரி பறிப்பு தொடங்கிவிட்டதாமே. இந்த வருஷமாவது ஏணி ஏற வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கோடைக்காலத்தில் குடும்பங்களுக்குப் போகும் மடல். பள்ளி நிர்வாகக் குழுவில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒருவர் எழுத வேண்டும், இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய கை, பேனா பிடித்தால் பிரேக் போடப் பார்க்கிறது. மூன்று நாள் ஆனது இந்த ஒரு பக்கத்துக்கு.

வழக்கம்போல நீதான் ஸ்பானிஷில் போட்டுத் தர வேண்டும். கணினியில் போட்டால் ஒரு நொடி வேலை என்கிறார் தலைவர் ஓஸ்ட்ராண்டர். ஓதியின் ஸ்பானிஷ் போல வருமா என்று நான்தான் சண்டை போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்குள் கிடைத்தால் போதும்.

ஏன் காகிதம் என்று கேட்பாய். குழுவின் மின்னஞ்சலை ஊரில் யார் கேட்டாலும் சட்டப்படி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். உனக்கும் எனக்கும் நடுவில் அது எதற்கு?

கடைசிப் பத்தியை மட்டும் கொஞ்சம் மென்மையாகப் போடு. அது இது:

“ஒன்பதாம் எண் பஸ் தடம் ஆகஸ்ட் மாதம் ஓய்வு பெறுகிறது. காட்டன்வுட் குடியிருப்புப் பிள்ளைகள் இனி நடந்து வரும் எல்லைக்குள் வருகிறார்கள். ஏப்ரல் 11 கூட்டத்தில் அந்தக் குடும்பங்களோடு கலந்து பேசினோம். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இனிய கோடை வாழ்த்துகள்!”

உன் தங்கை சியோமாராவுக்கு என் முத்தம். முன் பல் முளைத்துவிட்டதா?

இன்னும் உன் பஸ்காரிதான்,
வெர்னா


காட்டன்வுட் குடியிருப்பு
ஜூன் 13, 2023

அன்புள்ள மிஸ் வெர்னாவுக்கு,

ஓதிலியா எழுதுவது. நலம். அம்மா ஏணியில்தான் இருக்கிறாள். சியோமாராவுக்கு ஒரு பல் முளைத்துவிட்டது, இன்னொன்று விழுந்துவிட்டது.

மடலை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்தின் புதுக் கூரை, பூங்காவில் மதிய உணவு, நூலகம் செவ்வாய்தோறும் திறந்திருப்பது, எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசிப் பத்தியை மட்டும் போடவில்லை. என்னால் முடியவில்லை.

நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத்தான் தெரியுமே, நேரில் என் வாயிலிருந்து நான்கு வார்த்தை வருவதற்குள் எதிரில் இருப்பவர் ஐந்தாவதைச் சொல்லி முடித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 11 அன்று நம் குடியிருப்பிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றார் தலைவர். மேஜையில் நேரம் காட்டும் அந்த விளக்குப் பெட்டி இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. அவர்கள் ஸ்பானிஷில் பேசி நான் அதை ஆங்கிலத்தில் சொல்வதும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் அடங்க வேண்டும். அப்படியென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றரை நிமிடம். இதை அன்றைக்கு யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும்தான்.

நாங்கள் மரியாதையாகத் ‘தோன்’ என்று கூப்பிடும் எவுசேபியோ எழுந்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிறவர், இரட்டைப் பெண்களின் அப்பா. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் பழ லாரிகள் போவதையும், ஓரத்தில் நடக்க இடமில்லை என்பதையும், ஒரு பக்கம் கால்வாய் இருப்பதையும் சொன்னார். தலைவர், “புரியுது சார், ஆனா ரெண்டு டிரைவர் வேலையை விட்டுட்டாங்க, ஆள் இல்லை” என்றார். நான் அதை ஸ்பானிஷில் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தோன் எவுசேபியோ அந்த விளக்கைப் பார்த்தார், “நி மோதோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “என்ன சொல்றார்?” என்று தலைவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பரவாயில்லைங்கறார்” என்று நான் சொன்னேன்.

மிஸ் வெர்னா, அவர் அதைச் சொல்லவில்லை.

ஆலங்கட்டி விழுந்து பழமெல்லாம் நாசமானால் எங்கள் வீடுகளில் “நி மோதோ” என்போம். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, நம் முறை வரும்போது ஜன்னலை மூடினால் சொல்வோம். இனி என் கையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். செய்தது சரி என்று அர்த்தமில்லை. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எனக்குக் காது சுட்டது, கிடைத்ததில் சின்ன வார்த்தையை எடுத்துப் போட்டேன்.

அந்த என் ஒரு வார்த்தைதான் உங்கள் மடலில் “யாருக்கும் ஆட்சேபணை இல்லை” என்று உட்கார்ந்திருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். தவறு என்னுடையது என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். செர்ரி முடிந்த பிறகு இன்னொரு கூட்டம் போடுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு ஏணி ஏறுகிறவர்களை இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

உங்கள்
ஓதிலியா


ஆல்டர் பெண்ட்
ஜூன் 16, 2023

அன்புள்ள ஓதி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு நீளமாக நீ என்னிடம் பேசியதே இல்லை.

கண்ணே, அதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. ஏப்ரல் கூட்டக் குறிப்பு மே மாதமே முடிந்துபோயிற்று. அதெல்லாம் மொத்த ஒப்புதல் பட்டியலில் வரும். இருபது விஷயத்தை ஒன்றாகக் கட்டி, ஒரே கை தூக்கலில் முடிப்போம். சுண்ணாம்புக்கட்டி வாங்கியதும் அதில்தான், ஒன்பதாம் தடமும் அதில்தான். அவிழ்த்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசி. “நான் தப்பாகச் சொன்னேன்” என்று மொழிபெயர்ப்பாளரே எழுதிக் கொடுத்தால், பள்ளி திறந்ததும் உன்னை யார் அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள்? அந்த வேலைக்கு உன் பெயரைச் சொன்னது நான். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கும் குடியிருப்புக்கும் ஒரு மைல் கூட இல்லை. பெரிய பிள்ளைகள் சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு வரும். நாங்களெல்லாம் பனியில் நடந்துதான் போனோம்.

அந்த ஒரு பத்தியை உன் மொழியில் எப்படி வருமோ அப்படிப் போட்டு அனுப்பு. தோட்டத்தில் சீமைச் சுரைக்காய் அடங்காமல் காய்க்கிறது. வாசலில் ஒரு பை வைக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
வெர்னா


காட்டன்வுட் குடியிருப்பு
ஜூன் 20, 2023

மிஸ் வெர்னாவுக்கு,

சுரைக்காயை எடுத்துக்கொண்டேன். நன்றி. பத்தியைப் போடவில்லை.

சனிக்கிழமை நானும் அம்மாவோடு செர்ரி பறிக்கப் போனேன். பள்ளி அலுவலகம் கோடையில் எனக்கு வேலை தருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு எல்லோரும் வரிசைக் கடைசியில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்கள் மடலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து, கடைசிப் பத்தியை ஸ்பானிஷில் வாசித்தேன். என் விரலிலிருந்த பழச்சாறு தாளில் பட்டுவிட்டது.

முதலில் சிரித்தார்கள். “பஸ் ஓய்வு பெறுதாமா!” என்றாள் எங்களோடு பறிக்கும் தோன்யா செலா. “முப்பது வருஷமா ஏணி ஏறுறேன், எனக்கு ஓய்வு தரணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. பஸ்ஸுக்குத் தோணிருச்சு பாரு.”

“பென்ஷன் எவ்வளவுன்னு கேளுடி.”

“அதுக்குக் கல்யாண வயசுப் பொண்ணு இருக்கான்னு கேளு, நம்ம பையனுக்குப் பாப்போம்.”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு யாரு சொன்னது?” என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும், வாயில் சோள ரொட்டியோடு, நான்தான் என்று சொல்லிவிட்டேன். தோன் எவுசேபியோ தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். நின்றார்.

“நான் பரவாயில்லைன்னா சொன்னேன்?”

“நீங்க சொல்லலை. நான் சொன்னேன்.”

“ஆலங்கட்டி விழுந்தாலும்தான் நான் நி மோதோங்கறேன். அப்ப வானத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்னு அர்த்தமா?”

தோன்யா செலா, “விடுங்க, சின்னப் பொண்ணு, பயந்திருக்கும்” என்றாள். அவர், “பயந்துச்சுன்னா நம்மகூட வந்து உக்காந்திருக்கலாம். அவங்க மேஜையில ஏன் உக்காந்துச்சு? படிச்சது இதுக்குத்தானா?” என்றார். சொல்லிவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். அந்த ஒரு கேள்வியைவிட அது பெரிதில்லை.

ஒரு மைல்கூட இல்லை என்கிறீர்கள். இதை எழுதுவது நீங்களா? நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, நீங்கள் சிவப்பு விளக்கைப் போட்டு, பஸ்ஸின் நிறுத்தப் பலகையை நீட்டிய பிறகும் ஒரு லாரி நிற்காமல் போனது. என் பின்னல் காற்றில் பறந்தது. நீங்கள் பஸ்ஸிலிருந்து குதித்து அந்த லாரியின் பின்னால் ஓடி, எனக்கு அப்போது புரியாத ஆங்கிலத்தில் கத்தினீர்கள். திரும்பி வந்து எங்களை எண்ணினீர்கள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினீர்கள். அதே சாலைதான். லாரி மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது. பள்ளி திறக்கும் நேரம்தான் ஆப்பிள் பேரிக்காய் எல்லாம் ஒன்றாகப் போகிற நேரம். முப்பத்தொரு பிள்ளைகள். சியோமாராவுக்கு ஏழு வயது.

பனியில் நடந்த கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஓதிலியா


ஆல்டர் பெண்ட்
ஜூன் 26, 2023

ஓதிலியா,

இன்னும் குழு வெளியிடாத தாள் அது. உன்னை நம்பி அனுப்பினேன். நீ அதைத் தோப்பில் ஊருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாய். சாயங்காலத்துக்குள் ஓஸ்ட்ராண்டர் காதுக்குப் போய்விட்டது. “உன் பொண்ணு கூட்டம் சேக்குறாளாமே வெர்னா?” என்று மளிகைக் கடையில், பால் அலமாரிக்கு முன்னால், நாலு பேர் கேட்க என்னிடம் கேட்டார். என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் யார் உனக்கு? உன் பெற்றோர் பறிப்பில் இருந்தபோது உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு என் வண்டியில் கொண்டுபோய் விட்டது யார்? விடுதி அறையில் உன் கட்டிலுக்கு விரிப்புப் போட்டது யார்? இந்தக் குழுவில் காட்டன்வுட்டில் கால் வைத்த ஒரே ஆள் நான். மற்ற நால்வருக்கும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர்களிடம் கத்தாமல் என்னிடம் கத்துகிறாய், ஏனென்றால் நான் பதில் எழுதுவேன்.

ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் கோபித்துக்கொள். ஏப்ரலில் நான் காத்திருந்தேன். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், வேண்டாம் என்று சொல்லட்டும், நான் எதிர்த்து வாக்களிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு “நோ” போதும் எனக்கு. அவர் பேசி முடித்ததும் உன்னைத்தான் பார்த்தேன். நீ பரவாயில்லை என்றாய். அது உன் வாயிலிருந்து வந்தது, என் வாயிலிருந்து இல்லை.

மடல் வெள்ளிக்கிழமை தபாலில் போய்விட்டது. கடைசிப் பத்தியைக் கணினியில் போட்டார்கள்.

வெர்னா


காட்டன்வுட் குடியிருப்பு
ஜூலை 1, 2023

மிஸ் வெர்னா,

மடல் வந்துவிட்டது. எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

அடியில், எப்போதும் அச்சாகும் இடத்தில், “மொழிபெயர்ப்பு: ஓதிலியா பர்ரகான்” என்று இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களா? அல்லது எப்போதும் இருக்கும் வரிதானே என்று விட்டுவிட்டார்களா? நான் போட மாட்டேன் என்று இரண்டு தடவை எழுதிய பத்திக்கு அடியில் என் பெயர்.

என் அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். பள்ளியிலிருந்து என் பெயர் போட்டு வரும் ஒவ்வொரு தாளையும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பாள். காய்ச்சல் வந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்ற தாள், பல் மருத்துவர் வருகிறார் என்ற தாள், எல்லாம் அங்கே இருக்கின்றன. இதையும் ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். “உன் பேரு இருக்கேடி, எப்படிக் கிழிச்சுப் போடறது?” என்கிறாள். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் அதைப் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்று உண்மை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அதை உங்கள் மேல் தள்ள மாட்டேன், சாகும்வரை என்னுடையது. ஆனால் நீங்கள் ஒரு “நோ”வுக்காகக் காத்திருந்தேன் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு நான்கு முறை இருபத்திரண்டு வருஷம் போய் வந்தவர் நீங்கள். உங்களுக்கு எதற்கு எவுசேபியோவின் வார்த்தை? நான் சொல்லித்தான் லாரி வரும் என்று தெரிய வேண்டுமா? வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கே வாய் இருந்தது. மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

விரிப்புப் போட்டீர்கள். மறக்கவில்லை. அன்று நீங்கள் போன பிறகு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், நன்றியில்தான் அழுதேன். இப்போது ஒவ்வொரு நன்றியாக எடுத்து எண்ணிக் காட்டுகிறீர்கள்.

குழுவின் விதிப் புத்தகத்தை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முடிந்துபோன ஒரு தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டுமென்றால், அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ஒருவரே எழுந்து கேட்க வேண்டும். ஐந்து பேரும் தூக்கினீர்கள். அதில் நான்கு பேருக்குக் காட்டன்வுட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஜூலை 11 கூட்டத்துக்கு வருகிறோம். செர்ரி அதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கு நான் மொழிபெயர்ப்பாளராக வரவில்லை, சியோமாராவின் அக்காவாக வருகிறேன் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்தால் போதும்.

ஓதிலியா


ஆல்டர் பெண்ட்
ஜூலை 14, 2023

அன்புள்ள ஓதி,

மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நீ ஸ்பானிஷில் பேசுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாருமே எதிர்பார்க்கவில்லை. ஓஸ்ட்ராண்டர் உன் வழக்கமான நாற்காலியைப் பார்த்தார், அது காலி. “யாராவது சொல்லுங்கப்பா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?” என்றார். எங்கள் ஐந்து பேருக்கும் தெரியவில்லை. எனக்கு பஸ் ஸ்பானிஷ்தான் தெரியும், உட்கார், கையை உள்ளே எடு, ஜாக்கிரதை. உன் பேச்சில் “ஜாக்கிரதை” மூன்று முறை வந்தது, அதை மட்டும் பிடித்தேன். சிவப்பு எரிகிறவரை பேசினாய். குரல் நடுங்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிகிறது.

பிறகு ஏப்ரலில் பேசிய அந்த மனிதர், எவுசேபியோ, எழுந்து “நோ” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். “அது புரியுது” என்றார் ஓஸ்ட்ராண்டர், பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்தது உன் அம்மா. “நோ.” அடுத்தது, அடுத்தது. இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே வார்த்தைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது பேர். எண்ணினேன். எண்ணுகிற பழக்கம் போகவில்லை.

“உறுப்பினர்கள் யாராவது ஏதாவது கேக்கணுமா? வெர்னா?” என்றார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் “நோ” என்றேன். அன்று அந்த அறையில் இருபதாவது என்னுடையது.

காரணம் கேட்பாய். நவம்பரில் தேர்தல். எனக்காகத் தங்கள் வாசலில் தேர்தல் பலகை நட்டிருப்பவர்கள் மூன்று பேரும் பழத்தோட்ட முதலாளிகள், ஓஸ்ட்ராண்டரின் சொந்தக்காரர்கள். பஸ் ஓட்டியவளுக்கு இந்த ஊர் முதல் முறையாக ஒரு பெயர்ப்பலகை போட்ட நாற்காலி கொடுத்திருக்கிறது. நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன், ஓதி. நிஜமாகவே நினைத்தேன்.

நான் யோசித்து வைத்திருப்பது இது. என் வேனில் ஏழு இருக்கை. சின்னப் பிள்ளைகளை நானே தினமும் கொண்டுபோய் விடுகிறேன். ஏழு பத்துக்கு வாசலில் நிற்பேன். சியோமாரா முன் வரிசையில். யாருக்கும் தெரிய வேண்டாம், குழுவில் சொல்ல வேண்டாம். நீ சரி என்று ஒரு வரி எழுது.

வெர்னா


காட்டன்வுட் குடியிருப்பு
ஜூலை 19, 2023

மிஸ் வெர்னா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். வேன் பற்றிக் கேட்டதும், “நல்ல மனசு” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பீன்ஸ் பொறுக்கினாள். “மீதி இருபத்தி நாலு பிள்ளைக்கு என்ன பண்ணுவா?” என்று கேட்டாள்.

வேண்டாம்.

உங்கள் முழங்கால் வலித்தால் அன்றைக்கு வேன் வராது. நீங்கள் கோபித்துக்கொண்டால் வராது. நாங்கள் தேர்தலில் யாருக்கோ பேசினால் வராது. எந்த ஏழு பேர் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள், மற்றவர்கள் இடம் கிடைப்பதற்காக உங்களைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும், நான் பதினைந்து வருஷம் சிரித்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் செய்யும் உதவி எங்களுக்குப் போதும் போதுமென்று கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்து ஒரு கை தூக்க வேண்டும். அதற்கு இருக்கை எண்ணிக்கை கிடையாது.

உங்களுக்குப் பலகை நட்டவர்கள் மூன்று பேர். காட்டன்வுட்டில் வாக்கு உள்ளவர்கள் பதினொரு பேர், நான் உட்பட. குடியுரிமை இல்லாததால் பறிக்கிற கைக்கு வாக்கு இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம். இருந்தால் கேட்டிருக்க மாட்டோம்.

டிரைவர் ஆள் இல்லை என்பது அவர்களுடைய காரணம். தோன்யா செலாவின் மருமகள் கனரக வாகன உரிமம் வைத்திருக்கிறாள், பழ லாரி ஓட்டுகிறாள். பிள்ளைகளை ஏற்றுவதற்கான கூடுதல் தேர்வுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். நகல் இத்துடன் இருக்கிறது. அலுவலகத்தில் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, தடமே இல்லாதபோது ஓட்டுநர் எதற்கு என்று சிரித்தார்களாம்.

ஆகஸ்ட் 8 பள்ளி திறப்பதற்கு முந்தைய கடைசிக் கூட்டம். நான் பேச மாட்டேன். யாரும் பேச மாட்டோம். பத்தொன்பது பேரும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் எழுந்து ஒரு வாக்கியம் கேட்டால் போதும். மற்ற நான்கு பேரும் தோற்கடித்தாலும் பரவாயில்லை. அந்தப் பரவாயில்லையை நானே, யோசித்து, சொல்கிறேன்.

ஓதிலியா


காட்டன்வுட் குடியிருப்பு
ஆகஸ்ட் 10, 2023

மிஸ் வெர்னாவுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. உடல்நிலை சரியில்லை என்று ஓஸ்ட்ராண்டர் வாசித்தார். போகும் வழியில் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனோம். வேன் நின்றிருந்தது, புல்லுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது, நீங்கள் தொட்டியோரம் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து வண்டியில் போனோம். ஐந்து வண்டிச் சத்தத்துக்கும் நீங்கள் நிமிரவில்லை. “பாவம், காது கேக்கலை போல” என்றாள் தோன்யா செலா. வண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மொத்த ஒப்புதல் பட்டியல், ஒரு கை தூக்கல். நாற்காலியை மடக்கி வைக்கிற ஆள் வந்து எங்களை எழுந்திருக்கச் சொன்னார்.

மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. விட்டால் அந்த மேஜையில் கணினி உட்காரும். ஒரு வார்த்தை தெரியாவிட்டால் சிவப்பு எரிந்தாலும் நிறுத்தி, “கொஞ்சம் இருங்க, இதை நான் சரியா சொல்லணும்” என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று உரக்கச் சொல்கிறேன். சியோமாரா சிரிக்கிறாள். மடலில் என் பெயர் போட்டதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களை அதோடு வைக்கவில்லை. வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இது உங்களுக்குச் செய்த உதவி இல்லை. என் கடிதங்களும் அதில் இருக்கின்றன, அவை உங்களுக்கு மட்டும் எழுதியவை.

பள்ளி இருபத்து மூன்றாம் தேதி திறக்கிறது. நேற்றுக் காலை எல்லோரும் நடந்து பார்த்தோம். நான் முன்னால், அம்மா பின்னால், நடுவில் முப்பத்தொரு பிள்ளைகள் ஒற்றை வரிசையில், ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. தோன் எவுசேபியோ கால்வாய்ப் பக்கமாகவே வந்தார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் என் கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சாலையைக் கடக்கும் இடத்தில் முதல் மூன்று லாரி நிற்கவில்லை. காற்றில் சின்னதுகள் தள்ளாடின. சியோமாரா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது லாரிக்காரன் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சாலைக்குக் குறுக்காகவே நிறுத்திவிட்டான். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஒலி எழுப்பின. அவன் கதவைத் திறந்து படியில் இறங்கி நின்று, எல்லாருக்கும் தெரியும்படி கையை உயர்த்தி, கடைசிப் பிள்ளை தாண்டும்வரை அப்படியே நின்றான்.

அவன் எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. எங்களில் ஒருவர் பெயரும் அவனுக்குத் தெரியாது.

இனி நான் எழுத மாட்டேன்.

ஓதிலியா பர்ரகான்